ஒரு மதில், இரண்டு நாட்காட்டி: நிக்கோசியாவுக்குள் நான்கு நாள்

சைப்பிரஸ் தீவின் தலைநகர் நிக்கோசியாவை வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால், பெரிய பற்சில்லு ஒன்றைத் தூக்கி நிலத்தில் வைத்த மாதிரி இருக்கும். வட்டமாக ஒரு மதில். அந்த வட்டத்திலிருந்து வெளியே துருத்திக்கொண்டு, அம்புத்தலை வடிவில் 11 கொத்தளங்கள். சுற்றளவு ஏறக்குறைய 5 கிலோமீற்றர். ஆறுதலாக நடந்தாலும் ஒன்றரை மணித்தியாலத்தில் சுற்றி வந்துவிடலாம் என்றுதான் கணக்குச் சொல்கிறது. ஆனால் சுற்றி வரமுடியாது. 11 கொத்தளங்களில் ஐந்து தெற்கில், கிரேக்க சைப்பிரியரிடம். ஐந்து வடக்கில், துருக்கிய சைப்பிரியரிடம். ஃப்ளாத்ரோ என்ற மிச்ச ஒன்று இடையில், ஐக்கிய நாடுகள் படையின் கண்காணிப்பில்.

உலகத்தில் மிஞ்சியிருக்கிற பிரிக்கப்பட்ட தலைநகர் என்று சுற்றுலாப் புத்தகங்கள் இந்த நகரத்தை விற்கின்றன. சனமும் அதைப் பார்க்கத்தான் வருகிறது. ஒரு மாணவர் சந்திப்புக்காகப் போய், நான்கு நாள் மிச்சம்பிடித்து அங்கே நின்ற நாங்கள் மூன்று பேரும் உண்மையில் அதைப் பார்க்கத்தான் போனோம். வரலாறு படிக்கிற ஆக்கள் எண்டபடியால் கோட்டைப் பார்ப்பதற்கு முதல் மதிலைப் பார்ப்போம் என்று தொடங்கினோம். அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் இந்த நகரத்தில் கோட்டின் கதை மதிலின் கதைக்குள்ளேயே தொடங்குகிறது.

இப்போது இருக்கிற மதில் வெனிஸ்காரர் கட்டியது. அவர்களுக்கு முதல் தீவை ஆண்டவர்கள் லூசின்யான் என்ற பிரெஞ்சு வம்சத்தார். சிலுவைப்போர்க் காலத்தில், 1192இல் வந்து முந்நூறு வருடம் வரைக்கும் இருந்தார்கள். அவர்களுடைய நகரம் இதைவிடப் பெரியது. நகரத்தைச் சுற்றிப் பழைய பாணியில் நீளமான மதில் ஒன்றும் இருந்தது. 1489இல் தீவு வெனிஸின் கைக்கு வந்தது. ஒட்டோமான் படை வரப்போகிறது என்ற பயம் கூடக்கூட, பீரங்கிக் காலத்துக்கு அந்த நீளமான மெல்லிய மதில் சரிவராது என்று கண்டார்கள். ஜூலியோ சவோர்ன்யானோ என்ற பொறியியலாளர் 1567இல் புதுத்திட்டத்தோடு வந்தார். நகரத்தைச் சுருக்கு, வட்டமாக்கு, தடிப்பாக்கு என்பதுதான் திட்டத்தின் சாரம்.

சுருக்குவது என்றால் என்ன என்பதை நாங்கள் மதிலடியில் நின்றுதான் யோசித்தோம். புதிய வட்டத்துக்கு வெளியே அகப்பட்ட வீடுகள், மாளிகைகள், தேவாலயங்கள், மடங்கள் எல்லாவற்றையும் வெனிஸ்காரரே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். வருகிற எதிரிக்கு ஒளிய இடம் இருக்கக்கூடாது, பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும். லூசின்யான் அரசர்களைப் புதைத்திருந்த சாந்த டொமினிக் மடமும் அதில் போயிற்று. உயர்பாதுகாப்பு வலயம் எண்டு ஒரு சொல் எங்களுக்குத் தெரியும்தானே. அதன் பதினாறாம் நூற்றாண்டு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் மதில் பலன் தரவில்லை. 1570 யூலையில் லாலா முஸ்தபா பாஷாவின் படை வந்து சேர்ந்தபோது மதிலின் கல்முகப்பு வேலை முடியவில்லை. முற்றுகை ஏழு வாரம் நீடித்தது. செப்ரெம்பர் 9ஆம் திகதி நகரம் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்தது படுகொலையும் கொள்ளையும். நகரத்தின் நடுவிலிருந்த சாந்த சோஃபியா பேராலயம், 1209இல் கட்டத்தொடங்கியது, லூசின்யான் அரசர்கள் முடிசூடிய இடம், பள்ளிவாசலானது. இன்றைக்கு அதன் பெயர் செலிமியே. பிரெஞ்சுக் கொதிக் பாணியில் கூரான வளைவுகள், அதற்கு மேலே இரண்டு மினாரெற்றுகள். உள்ளே போனால் தூண்கள் கிழக்கே பார்க்க, தொழுகை வரிசைகள் மக்காவை நோக்கித் தெற்காகச் சரிந்து கிடக்கும். ஒரு கட்டடத்துக்குள் இரண்டு திசை. வடக்குப் பக்கம் போகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கிற பியூயுக் ஹான் என்ற 1572ஆம் ஆண்டுச் சத்திரத்தையும் பாருங்கோ. நடு முற்றத்தில் தூண்களில் ஏற்றி வைத்த குட்டிப் பள்ளிவாசல் இருக்கிறது. பிரித்தானியர் அந்தச் சத்திரத்தைச் சிறைச்சாலையாக வைத்திருந்தார்கள். இப்ப கோப்பிக் கடைகள்.

இனி ஆற்றின் கதை. இதுதான் எங்களுக்குப் புதுசாக இருந்தது. பெடியோஸ் என்ற ஆறு முந்தி நகரத்துக்கு நடுவால் ஓடியது. மதில் கட்டும்போது வெனிஸ்காரர் அதை மதிலுக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். வெள்ளமும் வராது, அகழிக்கும் தண்ணீர் கிடைக்கும் என்பது யோசனை. ஆறு போனது, ஆற்றுப்படுகை நகரத்துக்குள் கிடந்தது. ஒட்டோமான் காலத்தில் அது குப்பையும் கழிவுநீரும் போகிற பள்ளமாக மாறியது. பிரித்தானியர் வந்து அதை மூடித் தெருவாக்கினார்கள். அந்தத் தெரு வளர்ந்து நகரத்தின் முக்கியமான கடைத்தெருக்களில் ஒன்றானது. பெயர் எர்மூ வீதி. கிரேக்கரும் துருக்கியரும் ஆர்மீனியரும் பக்கத்துப் பக்கத்தில் கடை வைத்திருந்த வீதி. 1963இல் நகரத்தைப் பிரிக்கக் கோடு கீறியபோது அது பெரும்பாலும் இந்த வீதி வழியாகத்தான் போயிற்று. காய்ந்த ஆறு, பிறகு சாக்கடை, பிறகு கடைத்தெரு, பிறகு எல்லை. எர்மூவின் நடுப்பகுதி இன்றைக்கும் பூட்டுத்தான். தெற்கிலிருந்து பார்த்தால் அடுக்கிய மண்மூட்டை, கொங்கிறீற் நிரப்பிய தார்ப் பரல், முட்கம்பி, அதற்கப்பால் கூரை விழுந்த கடைகள். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இந்தச் சாமான்களை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிரித்தானியர் காலத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடப்போம். 1878இல் நிர்வாகத்துக்கு எடுத்தார்கள், 1914இல் தங்களோடு இணைத்தார்கள், 1925இல் முடிக்குரிய குடியேற்றநாடு ஆக்கினார்கள். கார் போக வேண்டும் என்று 1931இல் கிரேனியா வாசலுக்கு இரண்டு பக்கமும் மதிலை வெட்டினார்கள். வாசல் மட்டும் தனியே நடுவீதியில் நிற்கிறது, பார்க்கப் பகிடியாக இருக்கும். 1955 ஏப்ரல் 1இல் ஈயோக்கா ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியது. அதன் இலக்கு சுதந்திரம்கூட இல்லை, ஏனோசிஸ், அதாவது கிரேக்கத்தோடு இணைவது. துருக்கிய சைப்பிரியர் மத்தியில் அதற்குப் பதிலாக தக்சிம், அதாவது பிரிவினை என்ற கோரிக்கை எழுந்தது. ரீ.எம்.ரீ. என்ற ஆயுத இயக்கமும் வந்தது. ஈயோக்காவை அடக்கப் பிரித்தானியர் துருக்கிய சைப்பிரியரை மட்டும் கொண்ட துணைப் பொலிஸ் பிரிவுகளை உருவாக்கினார்கள். நகரத்துக்குள் முதல் முட்கம்பி 1956இலேயே போட்டாயிற்று. அதைப் போட்டவர்களும் அவர்கள்தான். இரண்டு இனமும் நித்திய பகைவர், வெள்ளைக்காரன் வந்து விலக்குப்பிடித்தான் என்கிற கதையை யாராவது சொன்னால் இந்தத் திகதியை ஞாபகப்படுத்துங்கள்.

1960இல் சுதந்திரம். ஜனாதிபதி கிரேக்க சைப்பிரியர், பேராயர் மக்காரியோஸ். துணை ஜனாதிபதி துருக்கிய சைப்பிரியர், வைத்தியர் ஃபாசில் குச்சுக். நாடாளுமன்றத்தில் 35க்கு 15. அரச சேவையில் நூற்றுக்கு 70க்கு 30. சனத்தொகையில் துருக்கிய சைப்பிரியர் நூற்றுக்கு 18 அளவில்தான் இருந்தார்கள், ஆகவே கிரேக்கப் பக்கத்தில் இந்த விகிதம் அநியாயம் என்ற குரல் எழுந்தது. ஏட்டிலிருந்தது நடைமுறைக்கு வரவேயில்லை என்பது துருக்கியப் பக்கத்தின் குரல். ஐந்து பட்டினங்களில் தனித்தனி மாநகரசபை வேண்டும் என்று யாப்பு சொன்னது, அதிலும் இழுபறி. 1963 நவம்பரில் மக்காரியோஸ் 13 திருத்தங்களை முன்வைத்தார். டிசெம்பர் 21 அதிகாலை, பழைய நகரத்தில் கிரேக்க சைப்பிரியப் பொலிஸார் அடையாள அட்டை கேட்ட இடத்தில் வாய்த்தர்க்கம் முற்றி, இரண்டு துருக்கிய சைப்பிரியர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த நத்தார் வாரம் முழுக்க நகரம் எரிந்தது.

டிசெம்பர் 30ஆம் திகதி பிரித்தானிய மேஜர் ஜெனரல் பீற்றர் யங் வரைபடத்தில் ஒரு கோடு கீறினார். கையிலிருந்த மெழுகுப் பென்சில் பச்சை நிறம். பெயர் பச்சைக்கோடு ஆயிற்று. 1964 மார்ச்சில் ஐ.நா. படை வந்தது. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி வந்த படை, இன்னும் அங்கேதான் நிற்கிறது.

அடுத்த பத்து வருடத்தில் என்ன நடந்தது என்பதில்தான் இரண்டு பக்கமும் பிரிகிறது. 25,000 அளவிலான துருக்கிய சைப்பிரியர் கலப்புக் கிராமங்களையும் தங்கள் சொந்த ஊர்களையும் விட்டு, ஒடுக்கமான அடைப்பிடங்களுக்குள் போனார்கள். சாமான் கொண்டுபோகத் தடை, வீதித்தடை, சோதனை. அவர்களுக்கு அதுதான் போர்க்காலம். கிரேக்க சைப்பிரியருக்கு அதே பத்து வருடம் ஹோட்டல்கள் எழுந்த, சுற்றுலா வளர்ந்த, ஓரளவு நல்ல காலம். பிறகு 1974 யூலை 15. கிரேக்கத்து இராணுவ ஆட்சியின் ஆதரவோடு மக்காரியோஸைக் கவிழ்த்தார்கள். ஐந்தாம் நாள், யூலை 20இல், துருக்கிய இராணுவம் வடக்குக் கரையில் இறங்கியது. ஓகஸ்ட் 14இல் இரண்டாம் கட்டம். முடிவில் தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் கையில். 160,000 அளவிலான கிரேக்க சைப்பிரியர் தெற்குக்கு ஓடினார்கள். 40,000க்கு மேற்பட்ட துருக்கிய சைப்பிரியர் வடக்குக்குப் போனார்கள். நகரத்துக்குள் இருந்த கோடு தீவு முழுக்க 180 கிலோமீற்றர் நீண்டது. 1983இல் வடக்கு தனிநாடு என்று அறிவித்தது. துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அதை ஏற்கவில்லை.

இப்ப நடந்து போவோம். தெற்கில் லீட்ரா வீதி என்பது கண்ணாடிக் கடைகளும் ஐஸ்கிறீமும் உள்ள, வாகனம் போகாத கடைத்தெரு. ஈயோக்கா காலத்தில் பிரித்தானியர் இதைக் கொலை மைல் என்று அழைத்தார்கள். அந்த வீதியின் அந்தலையில் ஒரு கூண்டு. கடவுச்சீட்டைக் காட்டுகிறோம். சில பத்து அடி. இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள், பூச்சாடிகள். அடுத்த கூண்டு. மறுபடி கடவுச்சீட்டு. அவ்வளவுதான், வடக்குக்கு வந்துவிட்டோம். பாணின் மணம் அதே மணம். கோப்பியும் அதே கோப்பி, தெற்கில் கிரேக்கக் கோப்பி, வடக்கில் துருக்கிக் கோப்பி. வாட்டிச் சாப்பிடுகிற பாலாடைக்கட்டி தெற்கில் ஹல்லூமி, வடக்கில் ஹெல்லிம். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு பெயரையும் சேர்த்தே பதிவுசெய்தது. இந்த இடத்தில் உள்ள கடவை திறந்தது 2008 ஏப்ரல் 3இல். நகரத்தின் முதல் கடவை, மதிலுக்கு வெளியே லீட்ரா பலஸ் ஹோட்டலடியில், 2003 ஏப்ரல் 23இல் திறந்தது. அதற்கு முந்திய 29 வருடம் சாதாரண சனத்துக்கு வழியே இல்லை. அந்த நாட்களில் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று கடந்தவர்கள் நேரே போனது தங்கள் பழைய வீட்டுக்கு. அங்கே வேறு ஒரு குடும்பம், அதுவும் பல இடங்களில் மறுபக்கத்தில் தன் வீட்டை விட்டு வந்த குடும்பம். கதவைத் தட்டினார்கள். பலர் உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தார்கள். சிலர் திறக்கவில்லை.

அடுத்த வருடமே, 2004 ஏப்ரல் 24இல், நாட்டை ஒன்றாக்கும் அனான் திட்டத்துக்கு இரண்டு பக்கமும் வாக்கெடுப்பு. துருக்கிய சைப்பிரியரில் நூற்றுக்கு 65 பேர் ஆம். கிரேக்க சைப்பிரியரில் நூற்றுக்கு 76 பேர் இல்லை. ஒரு கிழமையில் சைப்பிரஸ் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போயிற்று. கோடு இருந்தபடியே இருந்தது.

எங்களை உண்மையில் உலுக்கியது நூதனசாலைகள்தான். மதிலுக்குள் தெற்கில் பேராயர் மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு நூதனசாலை. பெயர் தேசியப் போராட்ட நூதனசாலை. மதிலை ஒட்டி வடக்கில் இன்னொன்று. அதன் பெயரும் தேசியப் போராட்ட நூதனசாலை. எழுத்து வேறு, சொல் ஒன்று. தெற்கில் உள்ளது 1955 முதல் 1959 வரையான ஈயோக்காவின் கதை. துருக்கிய சைப்பிரியர் அதில் கிட்டத்தட்ட இல்லை. வடக்கில் உள்ளது அதே 1955இல் தொடங்கி, 1963இல் உச்சத்துக்குப் போய், 1974இல் விடுதலையோடு முடிகிற கதை. 1974இல் வீடு இழந்த கிரேக்க சைப்பிரியர் அதில் கிட்டத்தட்ட இல்லை. இரண்டிலும் பொய்யான பொருட்கள் இல்லை. சட்டையில் இருக்கிற இரத்தம் இரத்தம்தான். எந்த வருடத்தில் தொடங்கி எந்த வருடத்தில் நிறுத்துகிறாய் என்பதில் மட்டும் எல்லாம் மாறிவிடுகிறது.

நாட்காட்டியும் அப்பிடித்தான். ஒவ்வொரு யூலை 20இலும் விடிகாலை ஐந்தரைக்குத் தெற்கில் அபாயச் சங்கு ஊதும், படை இறங்கிய நேரத்தின் நினைவாக. அதே நாள் வடக்கில் சமாதானத்தினதும் சுதந்திரத்தினதும் விடுமுறை, அணிவகுப்பு. டிசெம்பர் 21 வந்தால் வடக்கில் தியாகிகள் வாரம். தெற்கில் அது நத்தாருக்கு முந்திய கடைத்தெரு நெரிசல். தெற்கில் பல தலைமுறைப் பிள்ளைகள் எழுதிய பாடசாலைக் கொப்பிகளின் மட்டையில், பறிபோன ஊர்களின் படத்தோடு, மறக்கமாட்டேன் என்று இருந்தது. வடக்கிலும் மறக்கமாட்டோம் என்பதுதான் சுலோகம். மறக்காமல் இருப்பதற்கு இரண்டு பக்கமும் தேர்ந்தெடுத்த வருடங்கள்தான் வேறு.

இதை மாற்றப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். வடக்கில் 2004இல் வரலாற்றுப் பாடப்புத்தகங்களைப் புதிதாக எழுதினார்கள், மறுபக்கத்தின் துன்பத்துக்கும் கொஞ்சம் இடம் வைத்து. 2009இல் ஆட்சி மாற, பழைய பாணிக்கே திரும்பினார்கள். தெற்கில் 2008இல் கல்வி அமைச்சு சமாதான சகவாழ்வை வருடத்தின் இலக்காக வைத்துச் சுற்றறிக்கை விட, ஆசிரியர்கள் மத்தியிலிருந்தே எதிர்ப்பு வந்தது. இரண்டு பக்கத்து வரலாற்று ஆசிரியர்களும் சேர்ந்து அமைத்த சங்கம் ஒன்று 2011இல் லீட்ரா பலஸுக்கு முன்னால், கோட்டுக்கு நடுவிலேயே, பழைய கட்டடம் ஒன்றைத் திருத்தி ஒத்துழைப்பு இல்லம் என்று திறந்திருக்கிறது. வாசிகசாலை, கூட்ட அறை, கீழே கோப்பிக் கடை. நாங்கள் நாலு நாளில் கூடுதலாக இருந்தது அங்கேதான். ஒரு காரணம், அங்கே வைஃபை நல்லது.

அங்கே கேள்விப்பட்ட கதைகளில் எங்களுக்கு மிகப் பிடித்தது கக்கூஸ் கதை. பகிடி இல்லை. 1974க்கு முன்பே நிக்கோசியாவுக்குப் புதிய கழிவுநீர்த் திட்டம் ஒன்றின் வேலை நடந்துகொண்டிருந்தது. பிரிந்தபிறகு பார்த்தால் குழாய்கள் பெரும்பாலும் தெற்கில், சுத்திகரிப்பு நிலையம் வடக்கில். தெற்கின் கழிவுக்குப் போக இடமில்லை, வடக்கின் நிலையத்துக்கு வேலையில்லை. நிலம் சரிகிற பக்கத்துக்குத்தானே கழிவு போகும். தெற்கின் மேயர் லெல்லோஸ் டெமெட்ரியாடெஸ், வடக்கின் மேயர் முஸ்தபா அக்கிஞ்ஜி. அதிகாரபூர்வமாகப் பார்த்தால் ஒருவருக்கு மற்றவர் மேயரே இல்லை. ஒரு கடதாசியில் மேயர் என்று எழுதினாலே அங்கீகரித்ததாகிவிடும் என்ற நிலை. அதற்குள்ளும் 1978இல் இரண்டு பேரும் சந்தித்து இணக்கம் கண்டார்கள். 1980இல் திட்டம் இயங்கத் தொடங்கியது. மேலே சிப்பாய்கள் துப்பாக்கியோடு நிற்க, கீழே கோட்டைக் கடந்து கழிவு ஓடியது. சனம் கடக்க அதற்குப் பிறகும் 23 வருடம் எடுத்தது.

அந்தப் பழக்கத்திலிருந்துதான் நிக்கோசியா பெருந்திட்டம் பிறந்தது. 1979இலிருந்து இரண்டு பக்கத்து நகரத் திட்டமிடலாளர்களும் ஒரே வரைபடத்தில் வேலை செய்தார்கள். கோடு இருந்தால் என்ன செய்வது, கோடு போனால் என்ன செய்வது என்று இரண்டு விதமாகவும் திட்டம் போட்டார்கள். மதிலுக்குள் தெற்கில் கிரிசலினியோதிசாவும் வடக்கில் அரப் அஹ்மெத்தும் சோடியாகத் திருத்தப்பட்டன. கோட்டை ஒட்டியிருந்ததால் சனம் கைவிட்ட குறிச்சிகள் அவை. 2007இல் இதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அக்கிஞ்ஜி பிற்காலத்தில் துருக்கிய சைப்பிரியரின் தலைவராகவும் வந்தார், சமாதானப் பேச்சுக்குப் போனார், அது 2017இல் முறிந்தது. குழாய் இணைத்த கையாலும் அதைச் செய்ய முடியவில்லை.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெற்கில் அகழி ஓரமாக நடக்கும்போது சிங்களம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் புல்லில் துணி விரித்து, சோற்றுப் பார்சலோடு எங்கள் நாட்டு அக்காமார். சைப்பிரஸில் வீட்டு வேலைக்கும் முதியோரைப் பராமரிக்கவும் போன இலங்கைப் பெண்கள் ஏராளம். ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை. ஒட்டோமானுக்குப் பயந்து வெட்டிய அகழியில் எங்களுக்குப் பருப்புக்கறியும் சம்பலும் கிடைத்தன. பச்சைக்கோட்டைப் பற்றிக் கேட்டோம். அவர்கள் பார்த்துக்கொள்கிற ஆச்சிமார் இரவில் எழும்பி வடக்கில் உள்ள தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி அழுவதைப் பற்றிச் சொன்னார்கள். நூதனசாலையில் இல்லாத தகவல் அது.

கடைசியாகக் காணாமல்போனவர்கள். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். சைப்பிரஸில் காணாமல்போனோருக்கான குழு 1981இல் ஐ.நா.வின் அனுசரணையில் இரு தரப்பு இணக்கத்தோடு அமைந்தது. ஒரு கிரேக்க சைப்பிரியர், ஒரு துருக்கிய சைப்பிரியர், ஐ.நா. சார்பில் ஒருவர். அதன் அதிகாரபூர்வப் பட்டியலில் 2,002 பேர். 1,510 கிரேக்க சைப்பிரியர், 492 துருக்கிய சைப்பிரியர். அமைந்து 25 வருடம் அது பெரிதாக எதுவும் தோண்டவில்லை. ஒவ்வொரு பக்கமும் தன் பட்டியலை வைத்து மற்றப் பக்கத்தைக் குற்றம்சாட்டுவதிலேயே காலம் போனது. 2006இல்தான் தோண்டும் வேலை ஒழுங்காகத் தொடங்கியது. ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சி காணாமலாக்கியவர்களைத் தேடிப் பழகிய தடயவியல் மானுடவியல் குழுவினர் வந்து பயிற்சி கொடுத்தார்கள். 2007இல் முதல் குடும்பங்கள் எலும்புகளைப் பெற்றன. இதுவரை ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்டவர்களை மரபணு மூலம் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் 1963, 1964, 1974 மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. நாங்கள் நகரத்தில் பார்த்தவற்றுள் இரண்டு நாட்காட்டியும் சேர்ந்து கிடந்த இடம் இது ஒன்றுதான். 1974 ஓகஸ்ட் 14இல் தொக்னி கிராமத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சுடப்பட்ட எண்பதுக்கும் மேற்பட்ட துருக்கிய சைப்பிரிய ஆண்களும் அதில் இருக்கிறார்கள். அதே ஓகஸ்டில் வடக்கில் அஸ்ஸியா கிராமத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட கிரேக்க சைப்பிரியரும் இருக்கிறார்கள். அஸ்ஸியாக்காரரின் எலும்புகளைப் பிறகொருநாள் கிணற்றிலிருந்து கிண்டியெடுத்துக் குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். குழு அந்தக் குப்பைமேட்டையும் தோண்டியது. செவ்குல் உலுதா என்ற துருக்கிய சைப்பிரியப் பத்திரிகையாளர் வருடக்கணக்காக இரண்டு பக்கத்துச் சாட்சிகளையும் தேடிக் கதைத்து, புதைகுழி இருக்கும் இடங்களைக் காட்டவைத்தவர். அதற்காக மிரட்டல்களையும் சந்தித்தவர்.

ஆனால் குழுவின் ஆணையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எப்படிச் செத்தார் என்று அது சொல்லாது. யார் கொன்றது என்றும் சொல்லாது. எலும்பைத் தரும், பெயரைத் தரும், அவ்வளவுதான். சாட்சிகள் வாய்திறக்க வேண்டும் என்றால் தண்டனைப் பயம் இருக்கக்கூடாது என்பது அதன் நியாயம். இதில் எங்கள் மூன்று பேருக்குள்ளும் சண்டை. எலும்பாவது கிடைக்கிறதே என்றாள் ஒருத்தி. தெருவோரக் கொட்டிலில் 2017இலிருந்து இருக்கிற எங்கட அம்மாமாரிடம் இதைக் கொண்டுபோய்ச் சொல்லிப்பார், அவர்கள் 2016இல் சட்டம் போட்டு வந்த அலுவலகத்தையே நம்பவில்லை, நீதி இல்லாத எலும்பை ஏற்பார்களா என்றாள் மற்றவள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதில் ஒரு தெளிவைச் சொல்லியிருக்கிறது. 2009இல் வர்னாவா வழக்கில், ஒன்பது கிரேக்க சைப்பிரியர் காணாமல்போனதைத் துருக்கி முறையாக விசாரிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. இந்தக் குழுவின் வேலை பெரிதுதான், ஆனாலும் அது விசாரணைக்கு ஈடாகாது என்றது. எங்கள் சண்டை அன்றிரவு முடியவில்லை. இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் எதிர்பார்த்தால் இரண்டும் கிடைக்காமல் போகலாம், எலும்பு கிடைத்ததைக் காட்டி நீதியைக் கைகழுவ விட்டாலும் ஏமாற்று என்பதுவரைக்கும் மூன்று பேரும் ஒத்துவந்தோம்.

குழுவின் ஆய்வுகூடம் நிக்கோசியாவின் பழைய விமான நிலையப் பகுதியில் இருக்கிறது. 1974இலிருந்து கைவிடப்பட்டு ஐ.நா. வளவுக்குள் கிடக்கிற இடம். எலும்புகளை மேசையில் உடல் ஒழுங்கில் அடுக்குவார்கள். அடையாளம் தெரிந்தபிறகு குடும்பத்தைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். சிலவேளை முழு உடல், சிலவேளை ஒன்றிரண்டு துண்டு. இன்னும் 900க்கு மேற்பட்ட பெயர்கள் பட்டியலில் மிச்சம். சாட்சிகளுக்கு வயதாகிறது, பலர் செத்துப்போனார்கள். பாதை அமைத்ததிலும் வீடு கட்டியதிலும் அடையாளங்கள் அழிந்துவிட்டன. தோண்டுகிற குழிகளில் பெரும்பாலானவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை. தோண்டுவது இரண்டு பக்கத்தையும் சேர்ந்த தொல்லியல், மானுடவியல் பட்டதாரிகள், ஒரே குழியில் நின்று. அவர்களில் நிறையப்பேர் 1974க்குப் பிறகு பிறந்தவர்கள்.